வீட்டுக்குப் போகிற பாட்டு

காவாந்தண்டலம்
20.6.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

சசிரேகா எழுதுகிறேன். இங்கே நான், சித்தப்பா, சித்தி எல்லாரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மஸ்கட் வெயிலுக்கு மூட்டு வலி ஓடியே போய்விடும் என்று சித்தி சொல்கிறாள். எந்தக் காலத்தில் மஸ்கட்டைப் பார்த்தாளோ தெரியவில்லை.

ஒரு மாதமாக உன் போன் சுவிட்ச் ஆஃப் என்றே வருகிறது. அங்கே உன் பக்கத்து வீட்டு டிரைவர் பீட்டர் அண்ணனின் தபால் பெட்டி எண்ணை எப்போதோ கொடுத்திருந்தாய். தேடி எடுத்து அதற்கு அனுப்புகிறேன். வெளிநாட்டுக்குத் தபால் என்றதும் உத்திரமேரூர் போஸ்ட் ஆபீசில் இருந்த அம்மா என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

மானாம்பதி பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மூன்றாவது வருஷமும் எனக்கு எல்.கே.ஜி., யு.கே.ஜி. பாட்டு வகுப்புதான். இசைப்பள்ளியில் வர்ணமும் கீர்த்தனையும் பாடியவளுக்கு முதல் வாரம் முழுக்க மூக்குத் துடைக்கிற வேலை. மூன்றரை வயதுக் குழந்தையிடம் போய் ஸரிகம என்றால் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பாட்டு கட்டியிருக்கிறேன். கை கழுவ ஒன்று, சாப்பிட ஒன்று, தட்டைக் கவிழ்த்துக் கரண்டியால் தாளம் போட ஒன்று. எல்லாம் மூன்று ஸ்வரத்துக்குள், அவர்கள் குரல் எட்டுகிற உயரத்தில். என் வசதிக்குக் கீழே பாடினால் அவர்கள் பாடமாட்டார்கள், கத்துவார்கள்.

நன்றாகப் பிடித்துக்கொண்டது வீட்டுக்குப் போகிற பாட்டு. நான் கேட்பேன், அவர்கள் பதில் பாடுவார்கள்.

செருப்பு எங்கே? காலிலே.
டப்பா எங்கே? பையிலே.
பை எங்கே? தோளிலே.
அம்மா எங்கே? வாசலிலே.

கடைசி வரிக்கு எல்லாம் வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருக்கும். காலையில் அழுகிற குழந்தையிடம், "சாயந்தரம் அந்தப் பாட்டு பாடலாம்" என்று சொன்னால் அழுகை நிற்கிறது. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

போன் என்ன ஆயிற்று என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகள்,
சசிரேகா

*

மஸ்கட்
18.7.2024

கண்ணு சசிக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே நல்லபடியாக இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? எட்டாம் வகுப்போடு விட்ட கையெழுத்து, சிரிக்காமல் படி.

போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. வேறு வாங்கிக்கொள்ளலாம், அவசரம் இல்லை. மேடம் நல்ல மாதிரி. மத்தியானம் அவர்கள் தூங்கும்போது இதை எழுதுகிறேன்.

நான் பார்த்துக்கொள்கிற குழந்தை மரியத்துக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. சோறு ஊட்டுவதற்குள் என் உயிர் போய்விடும். நீ முன்பு சொல்லிக் கொடுத்த சாப்பாட்டுப் பாட்டைப் பாடிப் பார்த்தேன், வாயைத் திறந்துவிட்டது. இப்போது தட்டைக் கண்டாலே "ஆ வாங்கு, ஆ வாங்கு" என்று தமிழில் பாடுகிறது. அதன் அப்பா என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்கு அரபியும் வராது, அவருக்குத் தமிழும் வராது, இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டோம். நீ எழுதிய வீட்டுக்குப் போகிற பாட்டையும் ஆரம்பித்திருக்கிறேன்.

மழை வந்தால் வீட்டில் பாத்திரங்களை எடுத்து வை, மேற்கு மூலையில் ரொம்ப ஒழுகும். உன் சர்டிபிகேட்டுகள் பள்ளிக்கூடத்தில் இருப்பது எனக்கு நிம்மதி. நீ வேலைக்குச் சேர்ந்த அன்று தாளாளர் ஐயா ஒரிஜினலைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார். நான்தான், "இங்கியே இருக்கட்டும் சார், மழ வந்தா எங்க வூட்ல வைக்க எடமில்ல" என்று கொடுத்துவிட்டு வந்தேன். இங்கேயும் அப்படித்தான். நான் வந்த அன்றே மேடம் என் பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டார்கள்.

ஒப்பந்தம் மார்கழி மாதத்தோடு முடிகிறது. பொங்கலுக்கு அம்மா வந்துவிடுவேன்.

இப்படிக்கு அம்மா,
எல்லம்மாள்

*

காவாந்தண்டலம்
14.8.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சுகம் என்று படித்ததில் சந்தோஷம். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, வேறு குறை இல்லை.

இரண்டு செய்தி. முதலில் கெட்டது. போன வாரம் எல்.கே.ஜி. குழந்தைகள் களிமண் உருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் ஓரம் நின்று ஏதோ நினைப்பில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். என்ன பாட்டு என்று எனக்கே தெரியாது. திரும்பிப் பார்த்தால் வகுப்பில் ஒரு குழந்தைகூட இல்லை. அத்தனையும் செருப்பு மாட்டி, பை மாட்டி, வரிசையாகக் கேட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. மணி பதினொன்று. ஆயாம்மா சிட்டம்மாள் பின்னால் ஓடினாள். "இன்னா டீச்சர், நாஷ்டா கூட செரிக்கல, அதுங்காட்டியும் வூட்டுக்கா?" அம்முலு மட்டும் டீக்கடை வரைக்கும் போய்விட்டாள். கடைக்காரரிடம், "டீச்சர் பாடிட்டாங்கோ, எங்கம்மா எங்க?" என்று அதட்டியிருக்கிறாள்.

தாளாளர் மோகன் சார் என்னைக் கூப்பிட்டு, "நீ வாயத் தொறந்தா புள்ளைங்க கேட்டத் தாண்டுதுங்க. இனிமே இங்க யாரும் பாட வேணாம். ஸ்பீக்கர் வாங்கித் தர்றேன், அதப் போட்டுக்கினு ஒக்காரு" என்றார். இப்போது ஸ்பீக்கர்தான் பாடுகிறது. குழந்தைகள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. தட்டு, கரண்டி எல்லாம் அலமாரிக்குப் போய்விட்டன. வயிற்றெரிச்சலாக இருக்கிறது அம்மா.

நல்ல செய்தி, அரசுப் பள்ளி இசை ஆசிரியர் தேர்வு எழுதினேன் அல்லவா, பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. அடுத்தது சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் எல்லாவற்றையும் நேரில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். தேதி பின்னால் சொல்வார்களாம்.

சித்தப்பாவிடம் சொன்னேன். "உங்கம்மாவ அன்னிக்கே போவாதன்னு சொன்னேன், கேட்டாளா? இருந்திருந்தா இதப் பாத்திருப்பா" என்றார். அவருக்கு எதைச் சொன்னாலும் அங்கேதான் போய் நிற்கும்.

உன் மகள்,
சசிரேகா

*

மஸ்கட்
3.10.2024

கண்ணு சசிக்கு,

நான் சௌக்கியம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மேடத்தின் மாமியார் வந்திருக்கிறார்கள், வேலை கொஞ்சம் கூடுதல். குப்பை போடப் போகும்போதுதான் பீட்டர் தம்பியிடம் கடிதம் கொடுக்க முடிகிறது.

பட்டியலில் உன் பெயர் என்று படித்து அழுதுவிட்டேன். மரியம் என் முகத்தைத் துடைத்து, கை கழுவுகிற பாட்டைப் பாடியது. அதற்குத் தண்ணீர் என்றால் அந்தப் பாட்டுதான்.

வீட்டுக்குப் போகிற பாட்டு முழுக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. செருப்பைப் போடும், ஒரு பொம்மைப் பையை மாட்டும். "அம்மா எங்கே" என்றால் விரலை நீட்டி என்னைக் காட்டும். வாசலிலே என்று சொல்லிக் கொடுத்தும் கேட்கவில்லை.

தாளாளர் ஐயாவிடம் தன்மையாகப் போய்க் கேள். நாமாக ஆசையாகக் கொடுத்ததை அவர் ஏன் வைத்துக்கொள்ளப் போகிறார்? அவரும் பிள்ளை குட்டிக்காரர். சித்தப்பாவிடம் நான் இங்கே ராணி மாதிரி இருக்கிறேன் என்று சொல்.

இப்படிக்கு அம்மா,
எல்லம்மாள்

*

காவாந்தண்டலம்
28.10.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ இளைத்திருப்பாய் என்று எனக்கு ஏனோ தோன்றிக்கொண்டே இருக்கிறது.

நீ சொன்னபடி தன்மையாகவே கேட்டேன். சார் நாற்காலியைக் கூடத் திருப்பவில்லை. "ஒரிஜினல் குடுத்தா நாளைக்கே நீ பூடுவ. அப்பறம் புள்ளைங்களுக்கு யாரு? மே மாசம் வரைக்கும்னு எய்திக் குடுத்துகீற, மறந்துட்டியா?" என்றார். சரிபார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "உங்கம்மாவே வச்சிக்க சொல்லிட்டுப் போனாங்க. பத்திரமா கீது, போ."

ஜெனிஃபர் டீச்சரிடம் சொன்னேன். அவள் எழுதிக் கொடுத்த காலம் போன வருஷமே முடிந்துவிட்டது. இன்னும் அவளுடைய சர்டிபிகேட் கவர் சாரின் பீரோவில்தான் இருக்கிறது. "நா கேக்கறதயே வுட்டுட்டேன் சசி. கேட்டா மூணு நாளு மூஞ்சத் தூக்கி வச்சிக்கிறாரு, அது வேற பேஜாரு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. நானும் ஒருநாள் இப்படித்தான் சிரிப்பேன் என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் ஆண்டு விழா. குழந்தைகளுக்குத் தவளை வேஷம். ஸ்பீக்கரில் இங்கிலீஷ் பாட்டு ஓடும், இவர்கள் வாயை மட்டும் அசைக்க வேண்டும். பாட்டு வாத்தியாருக்கு இப்போது வேலை, சத்தம் வராமல் வாயைத் திறக்கக் கற்றுக்கொடுப்பது. நான்கு வயதுக் குழந்தைக்கு அது வரவே வராது. வாயைத் திறந்தால் குரல் வந்துவிடும். வந்தால் நான் உதட்டில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். அந்த விரலை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

விழா முடிந்ததும் தருகிறேன் என்று கடைசியில் சொல்லியிருக்கிறார். அதை நம்பித்தான் இருக்கிறேன்.

அம்மா, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். உன் பாஸ்போர்ட்டை நீ கேட்டால் கொடுப்பார்களா?

உன் மகள்,
சசிரேகா

*

காவாந்தண்டலம்
9.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

போன கடிதம் கிடைத்ததா? பதிலே இல்லை. தபால்காரர் நம் தெருவுக்குள் வந்தால் இப்போது நான்தான் முதலில் வெளியே நிற்கிறேன். புயல் மழையில் மேற்கு மூலை இடிந்துவிட்டது, சித்தி வீட்டில் படுத்துக்கொள்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை.

தேதி வந்துவிட்டது. பிப்ரவரி பதினேழு, திங்கட்கிழமை, காஞ்சிபுரத்தில். ஆண்டு விழா அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. பார், எப்படி வந்து மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு எந்தத் தேதி விமானம்? நானும் சித்தப்பாவும் மீனம்பாக்கம் வருகிறோம். பாஸ்போர்ட் பற்றிக் கேட்டிருந்தேன். இரண்டு வார்த்தை எழுது, போதும்.

உன் மகள்,
சசிரேகா

*

மஸ்கட்
30.12.2024

கண்ணு சசிக்கு,

அம்மா நன்றாக இருக்கிறேன். வீடு இடிந்தது என்று படித்து மனசு சரியில்லை. நீ சித்தி வீட்டிலேயே இரு.

பொங்கலுக்கு வர முடியாது போலிருக்கிறது. மேடம் மாசமாக இருக்கிறார்கள், இந்த நேரத்தில் விட்டுவிட்டு வந்தால் நன்றாக இருக்காது. சித்திரைக்குப் பார்க்கலாம். சித்தப்பாவிடம் நானாகத்தான் தள்ளிப் போட்டேன் என்று சொல்.

ஒரு நாள் மேடம் மரியத்தைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். அது என்னைப் பார்த்ததும் "அம்மா எங்கே" என்று தானாகப் பாடி, அவர்கள் மடியில் இருந்தபடியே என்னை நோக்கி விரலை நீட்டிவிட்டது. அம்மா என்றால் என்ன என்று அவர்களுக்கும் புரியும். அந்தப் பாட்டை இனி இந்த வீட்டில் பாடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து குப்பையை வாட்ச்மேனே எடுத்துப் போகிறான். இதைப் பீட்டர் தம்பியிடம் எப்படிக் கொடுப்பேனோ, எப்போது உன் கைக்கு வருமோ.

உனக்கும் பாட்டை நிறுத்திவிட்டார்கள், எனக்கும் நிறுத்திவிட்டார்கள். விழா நல்லபடியாக நடக்கட்டும். தாளாளர் ஐயா சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவார்.

இப்படிக்கு அம்மா,
எல்லம்மாள்

*

காவாந்தண்டலம்
18.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுதுவாய்.

வெள்ளிக்கிழமை விழா தொடங்குவதற்கு முன் ஆபீசுக்குப் போனேன். "சார், திங்கக்கெழம வெரிபிகேஷன். இன்னிக்குத் தர்றேன்னு சொன்னீங்கோ." சார் புதுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "பங்ஷன் முடியட்டும்னேன். அதோட அட்மிஷனும் முடியட்டும். போயி புள்ளைங்கள வரிசையா நிக்க வையி" என்றார். அவ்வளவுதான்.

மேடை ஏறினேன். பந்தல் நிறையப் பெற்றோர்கள். முன்வரிசையில் சிறப்பு விருந்தினருக்கு சார் சால்வையைப் பிரித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் பச்சைத் தொப்பியோடு வாயைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் கையைத் தூக்கினால் ஸ்பீக்கர் போடுவார்கள். அம்முலு என் புடவையைப் பிடித்து, "டீச்சர், ஒரே ஒருவாட்டி நெஜமா பாடலாமா?" என்று கேட்டாள்.

பாடலாம் என்றேன். மைக்கை எடுத்து, "செருப்பு எங்கே?" என்று பாடினேன்.

ஆறு மாதமாக அந்தப் பாட்டு இல்லை, மறந்திருக்கும் என்று நினைத்தேன். "காலிலே" என்று கத்தவில்லை அம்மா, பாடினார்கள், சுருதி விலகாமல். ஒருவர் காலிலும் செருப்பு இல்லை, மேடைக்குப் பின்னால் கழற்றியிருந்தார்கள். அதைத் தேடி ஓடினார்கள். பை எங்கே என்பதற்குள் மொத்தத் தவளையும் படியில் இறங்கிவிட்டது. கடைசி வரிக்கு அம்மாக்கள் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். பாட்டில் அவர்களுடைய இடம் அதுதானே. கொஞ்ச நேரத்தில் பந்தலில் சாரும் பாதி சால்வை போட்ட விருந்தினரும்தான் மிச்சம். சிட்டம்மாள் மட்டும் ஓரமாக நின்று கைதட்டினாள்.

"இவள மொதல்ல வெளிய அனுப்பு. இவ இருந்தா இங்க ஒரு புள்ள தங்காது" என்று கத்திக்கொண்டே சார் ஆபீசுக்குப் போய் பீரோவைத் திறந்து என் கவரை மேசைமேல் வீசினார். பீரோவில் அது இருந்த இடத்துக்குக் கீழேயே ஜெனிஃபரின் கவர் இருந்தது. என் கை அதற்குப் போவதற்குள் சாத்திவிட்டார். மேடையில் இருந்த சந்தோஷம் அங்கேயே போய்விட்டது.

நேற்று சரிபார்ப்பு முடிந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆணை வீட்டுக்கு வரும் என்றார்கள். முடிந்த கையோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனேன், திங்கட்கிழமை மனு நாள். உன்னைப் பற்றிச் சொன்னேன். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கம்மா கைப்பட எய்துனது எதனா கீதாமா? அவங்க நல்லா கீறேன்னு எய்திகினு இருந்தா நாங்க இன்னா பண்றது?" என்றார். உன் கடிதங்கள் எல்லாமே அப்படித்தான் இருக்கின்றன.

ஒரே ஒரு வரி எழுது அம்மா. சித்தப்பா என்ன சொல்வார் என்று யோசிக்காதே. ஊர் நாலு நாள் பேசும், பிறகு அறுவடைக்குப் போய்விடும். பீட்டர் அண்ணனுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், எப்படியாவது இதை உன் கையில் சேர்க்கச் சொல்லி.

உன் மகள்,
சசிரேகா

*

மஸ்கட்
20.3.2025

சசிக்கு,

நான் நல்லபடியாக இல்லை.

பாஸ்போர்ட் என் கையில் இல்லை. இரண்டு தடவை கேட்டேன், தரமாட்டேன் என்றார்கள். போன் தண்ணீரில் விழவில்லை, அதையும் மேடம்தான் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. எனக்கு வீட்டுக்கு வர வேண்டும். இது நானே என் கைப்பட எழுதியது. மனுவோடு கொடு. சித்தப்பாவிடமும் காட்டு, பேசினால் பேசட்டும்.

பீட்டர் தம்பி உன் கடிதத்தை ரொட்டிப் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்பினான். மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். தவளைகள் செருப்பைத் தேடி ஓடியதைப் படித்துச் சிரிப்பு தாங்கவில்லை. என்னை அறியாமல் பாட்டு வாயில் வந்துவிட்டது போலிருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தால் மரியம் செருப்பு போட்டுக்கொண்டு நிற்கிறது. தோளில் பொம்மைப் பை. ஒரு கையால் என் கட்டிலுக்கு அடியில் இருந்த என் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஊரிலிருந்து நான் கொண்டுவந்த அதே பை. அதை என் மடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுந்து பின்னாலேயே போனேன்.

வாசலில் கேட் பூட்டியிருந்தது. எப்போதும் பூட்டித்தான் இருக்கும், நான் உனக்கு எழுதியதில்லை. குழந்தை பூட்டைத் தள்ளிப் பார்த்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா எங்கே?" என்று பாடியது. இந்தத் தடவை விரலை நீட்டவில்லை. பதில் வரியை நான் பாடுவேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

என்னால் பாட முடியவில்லை கண்ணு. பாட்டில் சொன்ன இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், பூட்டுக்கு உள்பக்கம்.

இப்படிக்கு உன் அம்மா,
எல்லம்மாள்